மூன்று நாள் ஊறல்

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்திய நாள் பிற்பகல். துறை அறையில் அமர்ந்து விடைத்தாள் திருத்திக் கொண்டிருந்தேன். இளங்கலை இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் வாயிலருகே தயங்கி நின்றார். அவர் கையில் எண்ணெய்த்தாளில் பொதிந்த கேக் துண்டு ஒன்று இருந்தது. தம் தாயார் வீட்டிலேயே சுட்டது என்று சொல்லி வகுப்புத் தோழர் கொடுத்தாராம்.

"இதைச் சாப்பிடலாமா, அம்மா?" என்று கேட்டார்.

மார்க்கத் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கு இல்லை. அதற்குரிய பெரியோர்கள் நம் கல்லூரி வளாகத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே நான் வேறொன்று கேட்டேன். "கொடுத்தவரிடம், இதில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டீர்களா?"

"அப்படிக் கேட்டால் அவன் வருத்தப்படுவானே, அம்மா" என்றார் மாணவர்.

அந்த விடை என்னை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய ஒரு டிசம்பருக்கு, தோவாளையில் நாங்கள் வாழ்ந்த ஓட்டு வீட்டின் திண்ணைக்குக் கொண்டு சென்றுவிட்டது. அன்று எங்கள் வீட்டாரும் இவ்வாறே எண்ணினார்கள். கேட்டால் வருத்தப்படுவார்களே என்று கேளாதிருந்தார்கள். அதனால் விளைந்த வருத்தம், கேட்டிருந்தால் விளைந்திருக்கக் கூடியதினும் பன்மடங்கு பெரிது. இம்மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று துறைத்தலைவர் பணித்தபோது, இலக்கியக் கட்டுரை ஒன்றை எழுதவே முதலில் நினைத்தேன். ஆனால் அந்த மாணவருக்கு நான் முழுமையாகச் சொல்லாமல் விட்ட விடை நெஞ்சில் நின்றுகொண்டே இருந்தமையால் இதனை எழுதலானேன்.

எங்கள் குடும்பம் இடலாக்குடியைச் சேர்ந்தது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் வாழ்ந்த ஊர் என்றால் தமிழ் மாணவர்கள் அறிவார்கள். வாப்பா பூ வணிகத்தில் இறங்கிய பின், 1986-ஆம் ஆண்டு தோவாளைக்குக் குடிபெயர்ந்தோம். எனக்கு அப்போது ஆறு வயது. தோவாளையைப் பற்றி இம்மாவட்டத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து பயிலும் மாணவர்களுக்காக ஒரு வார்த்தை: ஊர் உறங்கும் வேளையில் விழித்திருக்கும் ஊர் அது. விடியலுக்கு முன்பே பிச்சியும் மல்லிகையும் சம்பங்கியும் அரளியும் கொழுந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பொழுது புலர்வதற்குள் பாதிப் பூ கேரளத்துக்குப் பயணப்பட்டிருக்கும். மார்கழிப் பனியில் மல்லிகை விளைச்சல் சுருங்கிவிடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, தைத்திருநாள் என்று தேவையோ பெருகும். எனவே டிசம்பர்த் திங்களில் வாப்பாவை நாங்கள் வீட்டில் பார்ப்பதே அரிது.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரு வேலியும் ஒரு முருங்கை மரமும் மட்டுமே இருந்தன. அந்த வீட்டில் இருந்தவர் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஊரார் அவரை டீச்சர் என்பார்கள். நாங்கள் பிள்ளைகள் டீச்சரம்மா என்போம். அவருடைய கணவர் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம். 1806-ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே பாதிரியார் வந்து தங்கிப் பணியாற்றிய மயிலாடி, எங்கள் ஊருக்கு அண்மையிலேயே உள்ளது. டீச்சரம்மாவின் பிறந்த ஊரும் அதுவே. பெரியவர் சிறியவர் என்னும் வேறுபாடின்றி எங்கள் எல்லோரையும் அவர் "மக்களே" என்றுதான் அழைப்பார். ஒருவரையே பன்மையில் அழைக்கும் இந்த அன்பு நாகர்கோவில் பக்கத்துக்கே உரியது. இலக்கண ஆசிரியர்கள் இதனை வழுவமைதியில் சேர்க்கட்டும்.

கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் மாலையில் வாப்பா ஒரு கூடை பிச்சிப்பூவை அடக்க விலைக்கு அவர்கள் வீட்டுக்கு அனுப்புவார். ஆலயத்தை அணி செய்வதற்கு. மறுநாள் காலையில் அங்கிருந்து ஒரு பெரிய தட்டு வரும். அதன்மேல் லேஸ் பின்னிய வெள்ளைத் துணி மூடியிருக்கும். இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆங்கிலப் பெண்மணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த கைத்தொழில் அது. துணியை விலக்கினால் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, நடுவே கரும்பழுப்பு நிறத்தில் பழக்கேக். முந்திரிக்கொத்து எங்கள் உம்மாவும் செய்வார்கள். கேக் மட்டுமே எங்களுக்குப் புதுமை. விருந்து என்னும் சொல்லுக்கே புதுமை என்றுதான் பழைய இலக்கணம் பொருள் கூறுகிறது என்பதைப் பின்னாளில் வகுப்பில் பாடஞ் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டுதான் நினைவுக்கு வரும்.

நான்கு கிறிஸ்துமஸ்கள் இவ்வாறே கடந்தன. 1990-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று வாப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இளமையில் திருவனந்தபுரத்தில் பேக்கரியொன்றில் வேலை பார்த்தவர். உம்மா ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். அவர் அதை எடுத்து முகர்ந்தார், திரும்ப வைத்துவிட்டார்.

"இதிலே பழத்தை எதிலே ஊற வெச்சிருக்கு, தெரியுமா?" என்றார்.

எங்களுக்குத் தெரியாது. திராட்சையையும் செர்ரியையும் ஆரஞ்சுத் தோலையும் வாரக்கணக்கில் ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைப்பதே வழக்கமான முறை என்று அவர் விளக்கினார். அடுப்பில் வேகும்போது அதெல்லாம் ஆவியாகிப் போய்விடாதா என்று உம்மா கேட்டார்கள். போகும், ஆனால் முழுவதும் போகாது என்றார் அவர். அவர் சொன்னது மெய். வெந்த பின்னும் சாராயச் சத்தில் ஒரு பகுதி பண்டத்திலேயே எஞ்சி நிற்கும் என்பதே அறிவியலாரின் கூற்றும். அது மட்டுமன்று, சுட்டெடுத்த பின்னர் மேலும் சில கரண்டி ரம்மை மேலே தெளித்து வைப்பாரும் உளர். அது ஆவியாவதற்கு வழியே இல்லை.

வாப்பா அன்று இரவு வெகுநேரம் பேசவில்லை. நான்கு ஆண்டுகளாக அறியாது உண்டோமே என்ற கலக்கம். அறியாமல் செய்ததற்குக் குற்றமில்லை என்று உம்மா தேற்றினார்கள். தட்டைத் திருப்பி அனுப்பினால் டீச்சர் மனம் நோவார், உண்ணவும் இயலாது. இறுதியில் வாப்பா ஒரு முடிவுக்கு வந்தார். டீச்சரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். கேக்கை மட்டும் எடுத்துப் பூக்கட்டும் பெண்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். விடியற்காலையில் உம்மா அப்படியே செய்தார்கள். "கொடுத்த மனசுக்கு இது தெரியாமலா போவும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள்.

தெரியாமல் போகவில்லை. தைப்பொங்கலுக்கு முந்திய நெருக்கடியில், பூக்கட்டும் பெண் ஒருவர் வழியில் டீச்சரம்மாவைக் கண்டு, "உங்க கேக்கு நல்லா இருந்துச்சு டீச்சர்" என்று மனமாரப் பாராட்டிவிட்டார். அவர் மேல் என்ன பிழை?

அதன்பின் பத்து நாட்கள் டீச்சரம்மா வேலிப் பக்கமே வரவில்லை. முருங்கைக்காய் பறித்து இந்தப் பக்கம் நீட்டும் கை காணாமற் போயிற்று. பதினோராம் நாள் மாலையில் வந்தார். உள்ளே வரவில்லை; திண்ணையிலேயே நின்றார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் கண்களில் சினம் இல்லை.

"ஒரு சொல்லு சொல்லப்பிடாதா அக்கா? உங்களுக்கு ஆகாததுன்னு தெரிஞ்சா நான் தருவேனா? நாலு வருசமா நானே உங்களுக்கு அதைத் தந்திருக்கேன்னு நினைச்சா எனக்கு உறக்கம் வரல்ல."

உம்மா பதில் சொல்லவில்லை. டீச்சரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தாம் உண்ணாமல் விட்டதற்காக அவர் வருந்தவில்லை, தம்மிடம் சொல்லாமல் விட்டதற்காகவே வருந்தினார் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. உள்ளே இருந்த வாப்பாவும் வெளியே வந்தார். "தப்பு எம்பேர்ல டீச்சர்" என்று அவர் ஒருவரிடம் சொன்னதை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அத்துடன் முடிந்திருந்தால் இதனை எழுத வேண்டியிருந்திராது.

1991-ஆம் ஆண்டு நவம்பர்த் தொடக்கத்தில் டீச்சரம்மா ஒரு பெரிய சீனப்பரணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். (பரணி என்றதும் செயங்கொண்டாரை நினைத்து மயங்க வேண்டா, எங்கள் பக்கத்தில் பரணி என்பது ஊறுகாய் போட்டு வைக்கும் பீங்கான் சாடி.) இந்த ஆண்டு உங்கள் கேக்குக்கு ரம் கிடையாது, கருந்திராட்சை வாங்கிப் பிழிந்து, அந்தச் சாற்றில் பழங்களை ஊறவைத்திருக்கிறேன், உங்களுக்கு ஐயமே வேண்டாம், பரணி உங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருக்கட்டும், கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். பரணியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். அதனுள்ளே உலர்ந்த திராட்சை, பொடியாக நறுக்கிய பேரீச்சம்பழம், டூட்டி ஃப்ரூட்டி என்று கடைகளில் விற்கும் பப்பாளித் துண்டுகள், சர்க்கரைப் பாகில் போட்ட இஞ்சி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சாற்றில் மூழ்கிக் கிடந்தன. ரம்மை நீக்கிச் சாற்றை ஊற்றினாரே தவிர, ஊறவைக்கும் கால அளவை அவர் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஒரு வாரம் கழிந்தது. பள்ளியிலிருந்து வந்த நான் அடுக்களைக்குள் நுழைந்தபோது ஒரு விநோதமான ஓசை கேட்டது. பரணிக்குள்ளிருந்து மெல்லிய சலசலப்பு. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே யாரோ பேசிக்கொள்வதைப் போலிருந்தது. துணி மேல்நோக்கிப் புடைத்திருந்தது. உம்மா கட்டை அவிழ்த்தார்கள். நுரை பொங்கி வழிந்தது. அடுக்களை முழுவதும் புளித்த மணம். காவல் துறையினர் கைப்பற்றி அழித்ததாகச் செய்தித்தாள்களில் படிக்கிறோமே "ஊறல்" என்று, அது பூ வணிகம் செய்யும் ஒரு முஸ்லிமின் வீட்டு அடுக்களையில், இறைவன் பெயர் எழுதித் தொங்கவிட்ட சுவரின் கீழே, குமிழியிட்டுக் கொண்டிருந்தது!

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று உம்மா நடுங்கிப் போனார்கள். டீச்சரம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டதால் வந்த வினையை ஒரு முறை பட்டாயிற்று. எனவே உடனே என்னை அனுப்பி அவரை அழைத்து வரச் செய்தார்கள். வந்து பார்த்த டீச்சரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, ஒரு பாவத்துக்கு மேல இன்னொண்ணா" என்று தலையில் கை வைத்து அமர்ந்துவிட்டார். ஏமாற்றிவிட்டதாக எங்கள் வீட்டார் நினைப்பார்களோ என்ற அச்சம் அவருக்கு.

அந்த வாரம் என் தாய்வழிப் பாட்டனார் இடலாக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். எங்கள் வழக்கில் பாட்டனாரை அப்பா என்போம், தந்தை வாப்பா. அப்பா நெடுங்காலம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர்கள். தமிழும் அரபுத்தமிழும் கற்றவர்கள். சீறாப்புராணத்துக்கு உரை கண்ட பாவலரை நேரில் பார்த்துப் பேசியவர்கள் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம் உண்டு. அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தார்கள். பரணிக்குள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்தார்கள்.

"குத்தம் பரணிக்கு இல்ல மக்களே, நாளுக்கு உள்ளது" என்றார்கள்.

பிறகு திண்ணையில் அமர்ந்து டீச்சரம்மாவுக்கும் உம்மாவுக்கும் அவர்கள் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். உலர்ந்த திராட்சையையோ பேரீச்சம்பழத்தையோ நீரில் ஊறப்போட்டு அந்த இனிய நீரைப் பருகுவது அரபு நாட்டில் பழைய வழக்கம். அதற்கு நபீத் என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கும் இவ்வாறு திராட்சை ஊறப்போடுவார்கள். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாள் மாலை வரையிலும் அதனைப் பருகுவார்கள், பிறருக்கும் கொடுப்பார்கள்; அதற்குமேல் எஞ்சியதைக் கொட்டிவிடச் சொல்வார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் உள்ளது. பேரீச்சையையும் திராட்சையையும் ஒன்றாக ஊறப்போட வேண்டாம் என்று தடுத்த செய்தியும் உண்டு. இரண்டும் கலந்தால் விரைவில் பொங்கிப் புளித்துவிடும் என்பதே அதற்கு அறிஞர்கள் கூறும் காரணம்.

"அப்போ, நான் செய்ததிலே தப்பு திராட்சைச் சாறு இல்லையா?" என்றார் டீச்சரம்மா.

"சாறு நல்லதுதான். மூணு நாளைக்கு மேல விட்டதுதான்" என்றார்கள் அப்பா.

பள்ளி ஆசிரியை அல்லவா, டீச்சரம்மாவுக்கு உடனே காரணம் புரிந்துவிட்டது. திராட்சைத் தோலின்மேல் வெண்மையாகப் படிந்திருக்கும் பூச்சில் நுண்ணிய காடி உயிரிகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை சர்க்கரையை உண்டு சாராயமாக மாற்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியது இதைத்தான். ரம்மில் ஊறும் பழம் மாதக்கணக்கில் கெடாதிருப்பதற்குக் காரணம், அவ்வளவு கடுமையான சாராயத்தில் அந்த உயிரிகள் வாழ முடியாது என்பதே. பழச்சாறு அவற்றுக்கு உணவு! ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்குவதைப் போலவே அன்று டீச்சரம்மா எங்களுக்கு இதனை விளக்க, அப்பா தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்த காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது. வாப்பா பரணியைத் தூக்கிச் சென்று கொல்லைத் தென்னையின் மூட்டில் கொட்டினார்.

அவ்வாண்டே முறை மாறிற்று. டிசம்பர் 21-ஆம் நாள் மாலை, ஆரஞ்சையும் திராட்சையையும் பிழிந்து, சாற்றைக் கொதிக்க வைத்து, உலர்ந்த திராட்சையை ஒரு பாத்திரத்திலும் பேரீச்சையை வேறொரு பாத்திரத்திலும் இட்டு அந்தச் சூட்டிலேயே மூடி வைத்தார். கொதியில் நுண்ணுயிர்கள் மாளும்; பழமும் விரைவில் சாற்றைக் குடித்துப் பருக்கும். இரண்டே இரவுகள். 23-ஆம் நாள் சுடுதல்.

அந்தச் சுடுதலைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அன்று டீச்சரம்மா வீட்டில் மின் அடுப்புக் கிடையாது. அடிகனத்த பெரிய செம்பில் மூன்று விரற்கடை உயரத்துக்கு ஆற்று மணலைப் பரப்பி, விறகடுப்பில் ஏற்றிச் சூடாக்குவார். மைதா அரைக் கிலோ, வெண்ணெய் அரைக் கிலோ, சீனி அரைக் கிலோ. முட்டையையும் எண்ணிக்கையால் அல்லாமல் எடையால் அதே அளவு கொள்வார். ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு என்று வைத்த ஆங்கிலேயர் கணக்கின் எச்சம் இது. வெண்ணெயையும் சீனியையும் மரக்கரண்டியால் ஒரே திசையில் குழைக்க வேண்டும். அந்த வேலை எனக்கு. கை கடுத்துப் போகும். "திசை மாறப்பிடாது மக்களே" என்று மட்டும் சொல்வார். இன்னொரு சட்டியில் சிறிதளவு சீனியைத் தனியே கருக்கி, வெந்நீர் விட்டுக் கரும்பாகாக்கிச் சேர்ப்பார்; கேக்கின் நிறம் அதனால் வருவது. கறுவாவும் சாதிக்காயும் சுக்கும் கிராம்பும் இடித்த பொடி. கிராம்பு எங்கள் தோவாளை வட்டத்து மலைகளிலேயே விளைவது. கன்னியாகுமரிக் கிராம்பு என்று 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஊறிய பழங்களை வடித்து, ஒரு கைப்பிடி மாவில் புரட்டிய பிறகே கலவையில் இடுவார். இல்லையேல் பழமெல்லாம் அடியில் போய்த் தங்கிவிடும். பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்ணெய் தடவிய தாள். அது பெரும்பாலும் நான்காம் வகுப்புக் கணக்கு விடைத்தாளின் எழுதாத பாதியாக இருக்கும். அதைச் செம்பினுள் மணல்மேல் இறக்கி, மேலே தட்டு மூடி, தட்டின்மேல் சிரட்டைக் கனலைக் கொட்டுவார். கீழே விறகு, மேலே சிரட்டை. இரண்டு மணி நேரம். இடையிடையே ஈர்க்கைக் குத்திப் பார்ப்பார். ஈர்க்கில் மாவு ஒட்டாமல் வரும்வரை யாரும் பேசக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். பேசினால் கேக் அமுங்கிவிடும் என்பார். இதற்கு மட்டும் அறிவியல் விளக்கம் ஏதுமில்லை.

டீச்சரம்மாவின் கணவருக்கு இந்த மாற்றம் அவ்வளவாக உவப்பாயில்லை. பட்டாளத்துக் கேன்டீனில் தமக்கு ஒதுக்கப்படும் ரம்மில் ஒரு புட்டியைக் கிறிஸ்துமசுக்கென்றே எடுத்து வைப்பவர் அவர். எனவே அவருக்கு ஒரு கேக், எங்களுக்கு ஒரு கேக் என்று இரண்டு சுடலாயினர். இரண்டும் கலந்துவிடாதிருக்க எங்கள் கேக்கின் நடுவில் முழு முந்திரிப்பருப்பு ஒன்றைப் பதிப்பார். உம்மா தம் பங்குக்கு ஒரு காரியம் செய்தார்கள். வடசேரிச் சந்தையில் வட்டமான அலுமினியப் பாத்திரம் ஒன்றையும் ஒரு மரக்கரண்டியையும் வாங்கி, ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டிலேயே வைத்திருந்து, டிசம்பர் 23 காலையில் வேலிக்கு மேலாக எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பாத்திரத்தில் வேறெதுவும் சமைக்க மாட்டார்கள். எங்கள் கேக்குக்கு ஆயுள் குறைவு. ஒரு வாரத்துக்கு மேல் வைக்க இயலாது. ரம் கேக்கோ பொங்கல்வரை தாங்கும். "உன் கேக்குக்கு ஆயுசு இல்லியே" என்று அவர் கணவர் கேலி செய்வார். அவ்வளவு நாள் மிஞ்சியிருந்தால் அல்லவா?

பின்னர் எம்.பில். ஆய்வுக்காக நூலகங்களில் உழன்ற நாளில் தலைச்சேரியின் கேக் வரலாறு என் கண்ணில் பட்டது. மாம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் தொழில் கற்றுவந்து 1880-இல் தலைச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கினார். 1883-இல், அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் ஆங்கில முதலாளி மர்டாக் பிரவுன், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைக் காட்டி, இதைப்போல் செய்ய முடியுமா என்று கேட்டாராம். அருகிலுள்ள மாஹியிலிருந்து பிரெஞ்சுப் பிராந்தியை வாங்கிச் சேர்க்கும்படி அவர் கூறியதாகவும், பாப்புவோ அதற்கு மாற்றாக முந்திரிப்பழத்தையும் கதலிப்பழத்தையும் கொண்டு வடித்த உள்ளூர் மதுவைச் சேர்த்ததாகவும், உண்டு பார்த்த பிரவுன் மகிழ்ந்து மேலும் ஒரு டஜன் கேக்குக்குச் சொல்லியனுப்பியதாகவும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இந்தியாவில் சுடப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அதனையே பாராட்டுகிறார்கள். படித்தபோது எனக்கு மதுவின் பெயர்கள் பெரிதாகத் தோன்றவில்லை. இந்நாட்டில் கேக் பிறந்த அன்றே ஒன்றுக்கு மாற்றாக வேறொன்றை ஊற்றித்தான் பிறந்திருக்கிறது என்பதே பெரிதாகத் தோன்றிற்று. ஊருக்கு வந்தபோது டீச்சரம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ நம்ம கேக்கும் கள்ளக்கேக்கு இல்ல" என்று சிரித்தார். இதில் இன்னொரு வேடிக்கை: பிளம் கேக் என்கிறோமே, அதில் பிளம் பழமே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கும் பிளம் என்ற பெயர் வழங்கிற்றாம்.

1998 முதல் 2000 வரை மூன்று ஆண்டுகள் ரமலான் நோன்பு டிசம்பரில் அமைந்தது. அந்த ஆண்டுகளில் காலையில் வரவேண்டிய தட்டு மாலையில் வரும். பாங்கொலி கேட்கும்வரை டீச்சரம்மா தட்டுடன் வேலிக்கு அப்பால் காத்திருப்பார். பேரீச்சம்பழம் உண்டு நீர் பருகியபின் தட்டு வேலியைக் கடக்கும். நோன்புக்கஞ்சி நிறைந்த தூக்குப் பாத்திரம் எதிர்த்திசையில் செல்லும். 2000-ஆம் ஆண்டில் கிறிஸ்துமசும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. அந்த வாரம் இரண்டு வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

அப்பா மறைந்தார்கள். அதன்பின் வாப்பாவும். டீச்சரம்மாவின் கணவர் காலமான ஆண்டிலிருந்து ரம் கேக் சுடுவது நின்றது; முந்திரி பதித்த கேக் மட்டுமே சுடப்பட்டது. அப்போதும் நடுவில் முந்திரி பதிப்பதை அவர் விடவில்லை. கலந்துபோக வேறொன்று இல்லாதபோது அடையாளம் எதற்கு என்று நான் கேட்டதில்லை. பிறகு எனக்குத் திருமணமாகி, வேலை கிடைத்து நாகர்கோவிலில் குடியேறினேன். உம்மா இப்போது என்னுடன் இருக்கிறார்கள். வட்டப் பாத்திரமும் அவர்களுடனேயே வந்துவிட்டது.

அந்த மாணவருக்கு நான் இதில் கால் பங்குகூடச் சொல்லவில்லை. "தோழரிடம் போய்க் கேளுங்கள், கேட்டால் வருத்தப்பட மாட்டார்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். இருவருமாகச் சேர்ந்து தோழரின் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தார்களாம். ரம் சேர்த்திருப்பதாக அவர் சொன்னாராம். "அடுத்த தடவை உனக்கு வேறே செய்து தாறேன் மக்களே" என்றும் சொன்னாராம். கேக் துண்டு தோழரிடமே திரும்பிவிட்டது. மாணவரின் முகத்தில் ஏமாற்றமும் இருந்தது, நிறைவும் இருந்தது. "சாற்றில் ஊறவைத்தால் இரண்டு நாளுக்கு மேல் விட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்" என்றேன். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

டீச்சரம்மாவுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேலாகிறது. தோவாளையில் அதே வீட்டில் மகளுடன் வாழ்கிறார். கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது, அடுப்பருகே செல்வதில்லை. ஆகவே அன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் நான் பழங்களை இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஊறப்போட்டேன். என்னிடம் மின் அடுப்பு உண்டு. மணலும் சிரட்டையும் இல்லை. உம்மா நாற்காலியில் அமர்ந்து, நான் குழைக்கும் திசை மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய வட்டப் பாத்திரத்திலேயே சுட்டு, நடுவில் ஒரு முந்திரியைப் பதித்து, கிறிஸ்துமஸ் காலையில் தோவாளைக்கு எடுத்துச் சென்றேன்.

டீச்சரம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் கேக்கின் மேற்புறத்தைத் தடவி முந்திரியைக் கண்டுபிடித்தார். ஒரு சிறு துண்டைப் பிட்டு வாயிலிட்டு வெகுநேரம் மென்றார்.

"கிராம்பு கூடிப்போச்சு மக்களே" என்றார். பிறகு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.